சருகுப் பாத்தி

சிங்கப்பூரின் பொங்கோலில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் எனக்கு ஒரு பாத்தி உண்டு. முதலில் அதில் எதை நட்டாலும் செத்தது. கட்டடம் கட்டியபோது கொட்டிய மண். மழை பெய்தால் களி, வெயில் அடித்தால் செங்கல். உரம் போட்டுப் போட்டு அலுத்துப்போனேன்.

காட்டில் யார் வந்து உரம் போடுகிறார்கள்? இலை விழுகிறது, மண்ணை மூடுகிறது, அடியில் புழு வேலை பார்க்கிறது. நானும் மூடினேன். தேக்கா சந்தைப் பக்கத்துப் பூக்கடைகளில் கழித்த காம்பு, வாடிய பூ, சாப்பாட்டுக்கடைகளில் நறுக்கிப்போட்ட வாழையிலைத் துண்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டி ரயிலில் கொண்டுவருவேன். என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

சில வருஷங்களில் மண் கறுத்தது. விரலை வைத்தால் உள்ளே போனது. சருகை விலக்கினால் மண்புழு நெளியும். கத்தரிக்காயைவிட அதைப் பார்க்கத்தான் தினமும் இறங்குவேன்.

போன வருஷம் இயற்கை விவசாயத்துக்காக எங்கள் தோட்டத்துக்குப் பரிசு கிடைத்தது. என் பாத்தியைக் காட்டித்தான் விண்ணப்பித்திருந்தார்கள். பரிசு கொடுக்க விருந்தினர் வரும் காலை நல்ல சேலை கட்டிக்கொண்டு இறங்கினேன். பாத்தி மொட்டையாக இருந்தது. சருகு இல்லை, என் கறுப்பு மண்ணும் இல்லை. கடையில் வாங்கிய மண்ணைத் தட்டையாகப் பரப்பி, வரிசையாகச் சாமந்தி நட்டிருந்தார்கள்.

தோட்டக் குழுத் தலைவர் ஓடிவந்தார். "அக்கா, ஒரே குப்பையா இருந்துச்சு லா. விஐபி வர்றாங்க, மெஸ்ஸியா இருந்தா நல்லாவா இருக்கும்? நேத்தே ஆள வெச்சு கிளீன் பண்ணிட்டோம்."

"என் மண்ணு எங்க?"

"லாரி எடுத்துட்டுப் போயிடுச்சு. கவலைப்படாதீங்க, நியூ சாயில் போட்டாச்சு."

வேண்டுமென்றே செய்திருந்தால் நன்றாகத் திட்டித் தீர்த்திருப்பேன். அவரோ எனக்கு உதவி செய்த முகத்தோடு நின்றார்.

விருந்தினர் நம்மவர்தான். என்னை முன்னால் தள்ளிவிட்டதும் தமிழிலேயே கேட்டார். "உங்க மண்ணுல நிறைய புழு இருக்காமே, பாக்கலாமா?"

"எல்லாம் நேத்து குப்பை லாரியில ஏறிப் போயிடுச்சு சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். தலைவர் சிரித்தார். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரத்தில் எடுத்த படம்தான் இப்போது லிஃப்ட் பக்கத்துப் பலகையில் தொங்குகிறது. கீழே 'உயிருள்ள மண்' என்று போட்டிருக்கிறார்கள். முட்டி வலித்தாலும் நான் மாடிப்படியிலேயே ஏறிப்போகிறேன்.