காளியம்மாவின் ஆறு அடைப்புகள்

பசித்த மாட்டைப் பச்சைப் புல்லுக்கு எதிரே காக்க வைப்பவரிடம் இரக்கம் உண்டு என்று சொல்ல முடியுமா? காளியம்மாவை அறிந்த, பர்மாவின் கியாக்தான் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி ஒருமுறையாவது எழுந்திருக்கும். அவரிடம் பால் வாங்கிய எனக்குப் பல ஆண்டுகள் இருந்தது.

கணவர் இறந்தபின் கறவை மாடுகளை வைத்துப் பிழைத்தவர் அவர். பால் காலை பஸ்ஸில் ரங்கூன் டீக்கடைகளுக்குப் போகும். ஊருக்கு வெளியே ஒரு மேட்டு நிலம். தோட்டத்துக்குச் சாணம் தந்தால் போதும் என்று அதன் பர்மியச் சொந்தக்காரர் மேய்ச்சலுக்கு விட்டிருந்தார். காளியம்மா அதை மூங்கில் படல்களால் ஆறு அடைப்புகளாகப் பிரித்தார். மாடுகள் ஒன்றில்தான் மேயும். புல் கணுக்கால் அளவுக்குக் குறைந்ததும் அடுத்ததற்கு மாற்றுவார். விட்டுவந்த அடைப்பில் புல் முழங்கால் உயரம் வளரும்வரை ஒரு கன்றுகூட நுழைய முடியாது. முதல் மழைக்குத் துளிர் வந்ததும் மற்றவர்கள் மாடுகளை அவிழ்த்துவிடுவார்கள். அவர் அப்போதும் வைக்கோல்தான் போடுவார். துளிரைக் கடிக்கவிட்டால் வேர் செத்துப்போகும் என்பார். மாடுகள் படலில் முகத்தை வைத்துக் கத்தும். "திட்டுடி, நல்லாத் திட்டு" என்று அவற்றின் தாடையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

கீழே ஆற்றோரத்தில் மாடு மேய்த்த பொன்னுத்துரைக்கு இது தினசரி வேடிக்கை.

"என்னக்கா, விரதம் புல்லுக்கா, மாட்டுக்கா?"

"உன் வாய்க்குத்தான்டா விரதம் வேணும். உன் மாட்டைப் போய்ப் பாரு, விலா எலும்பு வெளியே தெரியுது."

"பர்மாக்காரன் உன்னை டோ காளின்னு மரியாதையாக் கூப்பிடுறான். உன் மாட்டைக் கேட்டா வேற பேரு சொல்லும்."

காளியம்மா சிரித்துவிடுவார்.

2008இல் நர்கிஸ் புயல் வந்தது. தாழ்ந்த நிலமெங்கும் உப்புத்தண்ணீர் ஏறியது. வைக்கோல் போர்கள் அடித்துக்கொண்டு போயின. உப்பேறிய புல்லைத் தின்ற மாடுகள் கழிந்து விழுந்தன. மேட்டில் காளியம்மா கோடையிலும் கைவைக்காத அடைப்புகளில் மட்டும் புல் சாய்ந்தபடி உயிரோடிருந்தது.

மிஞ்சிய மாடுகளை ஓட்டிக்கொண்டு பொன்னுத்துரை படலருகே வந்தார். வேடிக்கைப் பேச்சு இல்லை.

"உள்ள விடுக்கா. இதுகளை அறுக்கக்கூட எவனும் வாங்க மாட்டான்."

"ரெண்டு மந்தைக்கும் காணாதுடா. சேந்து மேஞ்சா வேரும் மிஞ்சாது. அப்புறம் ரெண்டும் சாகும்."

"அப்ப என் மாடு?"

காளியம்மா படலின் கயிற்றை இறுக்கிக் கட்டினார். அவர் சொன்ன கணக்கு சரி என்றே நான் நினைத்தேன். சரியாக இருப்பதற்காக ஒருவரைப் புகழ எனக்கு மனம் வந்ததில்லை.

இரண்டு நாள் கழித்து ஷ்வேப்யிதாவிலிருந்து மாட்டு வியாபாரியின் லாரி வந்தது. காளியம்மா தன் மாடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஏற்றினார். ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. லாரி போனதும் பொன்னுத்துரையை ஆள் அனுப்பி வரச்சொன்னார்.

"முதல் அடைப்பு மட்டுந்தான். மாத்துறது எப்பன்னு நான் சொல்லுவேன். உன் இஷ்டத்துக்கு அவுத்துவிட்டா காலை ஒடிச்சிருவேன்."

"ஏன்க்கா இப்படிச் செஞ்ச?"

"அந்தப் படலைப் பிடி, சாயுது."

பிறகு ஊரில் பலரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். பாலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.