மிஸ் ஹெஸ்டர் துப்பறிந்த ஒரே வழக்கு

ஹெஸ்டர் டன்னிங்குக்கு அந்த ஊர் வைத்திருந்த பெயர் துப்பறியும் மிஸ். ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், எந்நேரமும் மடியில் ஒரு கொலைக் கதை. கான்ஸ்டபிள் பிராட் எதிரே வந்தால், "இன்னைக்கு யாரு மிஸ் கொலைகாரன்?" என்பார். அவளும் சிரித்துவைப்பாள். கதைகளிலும் இப்படிப்பட்டவளை முதலில் கேலி செய்துவிட்டு, கடைசியில் எல்லோரும் வாயடைத்துத்தானே நிற்கிறார்கள்? தனக்கும் அப்படியொரு நாள் வராதா என்று ஏங்கினாள், பாவம்.

வந்தது. சர்ச்சின் வெள்ளிக் கிண்ணம் காணாமல் போனது. அதைத் துலக்கும் வேலைக்காரப் பெண் ஐவியைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். சாட்சி சொன்னவள் ஹெஸ்டரின் அக்கா மேபல்.

அன்று டீ குடிக்கும்போது மேபல் மறுபடியும் அதையே சொன்னாள். "பூவுக்குத் தண்ணி மாத்தப் போனேன். அந்தப் பொண்ணு கிண்ணம் இருந்த அலமாரிகிட்ட நின்னுட்டிருந்தா."

ஹெஸ்டருக்குத் திக்கென்றது. தவக்காலம் அல்லவா இது! ஈஸ்டர் வரைக்கும் சர்ச்சில் ஒரு பூ கிடையாது. வருஷம் முழுக்கப் பூ வைத்துப் பழகியவளுக்குப் பொய் சொல்லும்போதும் பூதான் வாயில் வந்திருக்கிறது. வேறு சபைக்காரரான கான்ஸ்டபிளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

"பூவா? இந்த மாசத்துலயா, மேபல்?"

மேபலின் முகம் வெளுத்துவிட்டது. அவளுக்கு நிச்சயித்திருந்த ஆர்தர் போரில் செத்துப்போனான். அவன் பெயரைப் பொறித்து அவனைப் பெற்றவர்கள் கொடுத்த கிண்ணம் அது. கூரையைச் சரிசெய்ய அதை விற்கப்போவதாகப் பாதிரியார் சொல்லியிருந்தார்.

"அவன் பேரு போட்டது உலகத்துல அது ஒண்ணுதான்டி," என்று குமுறி அழுதாள் மேபல்.

"ஐவி சின்னப் பொண்ணு. ஜெயிலுக்குப் போயிடுவா. நீயே போய்ச் சொல்லிடு."

"மாட்டேன். ஊர் முகத்துல எப்படி முழிப்பேன்? நீயும் வாயைத் திறக்காதே. திறந்தாலும் உன்னை யாரு நம்பப்போறா?"

ஹெஸ்டர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஸ்டேஷனில் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கான்ஸ்டபிள் சிரித்தார். "இது எந்தப் புஸ்தகத்துல வந்தது, மிஸ்?"

விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஐவியின் முகம் விடவில்லை. கூடப் பிறந்தவள்தான் திருடி என்று, தவக்காலத்தையும் ஆர்தரையும் சொல்லி, கிண்ணம் மேபலின் பெட்டியில்தான் இருக்கும் என்பதையும் சொல்லி, அவரை நம்பவைத்தாள்.

அவர் சிரிப்பு நின்றது. "அடேயப்பா! கெட்டிக்காரிதான் மிஸ் நீங்க. நாங்கதான் மடையனுங்க."

ஆயுசு முழுக்கக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கேட்டதும் அவளுக்கு அழுகைதான் வந்தது.

"அக்காவைக் கூட்டிட்டுப் போறப்ப பின்வாசல் வழியா கூட்டிட்டுப் போங்க," என்றாள், கண்ணீரைத் துடைக்காமலே. "அவ ரொம்பக் கூச்சப்படுவா."