ஞாயிற்றுக்கிழமைப் பாறை

எங்கள் தோட்டத்தில் கப்பலுக்கு வேலைக்குப் போன ஒரே ஆள் ஜோர்ஜ் அண்ணன்தான். கப்பல் என்றதும் அலை, நுரை, வெள்ளைத் தொப்பி என்று ஏதாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் அங்கே சமையல்காரர். கடலை அவர் பார்த்ததெல்லாம் வட்டமான ஒரு கண்ணாடிச் சன்னல் வழியாக, அதுவும் வெங்காயம் உரித்த கண்ணோடு. கொழும்பில் ஒரு ஹோட்டலுக்குக் கோப்பை கழுவப் போனார். அங்கே சாப்பிட வந்த ஏஜென்ட் ஒருவர் கண்ணில் பட்டு, எங்கள் லிந்துலைக் குளிரிலிருந்து போனவர் நடுக்கடலில் விழுந்தார். இருபது வருசத்துக்கு மேல் அந்தப் பிழைப்பு ஓடியது. வருசத்துக்கு ஒரு தடவை, நத்தார் பண்டிகையை ஒட்டி லீவில் வருவார்.

நான் பக்கத்துக் காம்பரா சண்முகவடிவு. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்வது என் வேலை. லயத்து வரிசையில் அண்ணன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நான் "நூறு" சொல்வேன். வடிவு ஒட்டுக்கேட்கிறாள் என்று யாராவது சொன்னால், சுவரை இவ்வளவு மெல்லிசாகக் கட்டிய வெள்ளைக்காரனைப் போய்க் கேட்கட்டும்.

போன வருசம் அண்ணனுக்குச் சீனி வருத்தம் கூடி, காலில் வந்த புண் ஆற மறுத்துவிட்டது. கப்பல்காரர்கள் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். இன்னொரு புண் வந்தால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொன்னாராம். மகள் டெல்சியை ராகலையில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆக, வீட்டில் அண்ணனும் அவர் மனைவி அந்தோனியம்மா அக்காவும் மட்டும்.

வந்த வாரமே அண்ணன் அடுப்படியைப் பிடித்துக்கொண்டார். ஒரு கப்பல் ஆட்களுக்குச் சமைத்த கை, இரண்டு பேருக்குச் சமைக்க மறுத்தது. அண்டா நிறையச் சோறு, பெரிய சட்டி நிறையப் பருப்பு. மிஞ்சியதைக் கொட்ட மனம் வராமல் வீடு வீடாகக் கொடுத்தார். லயமே அவர் பருப்பைத் தின்று வளர்ந்தது. இந்த மனுசன் இனி எந்தக் கப்பலுக்கும் போகக்கூடாது என்று என் வீட்டுக்காரர் மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டார். நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள்.

சாப்பாட்டு மேசையில் ஈரத்துணி விரித்துத்தான் கோப்பையை வைப்பார். கப்பல் ஆடும்போது வழுக்காமல் இருக்க அப்படிச் செய்வார்களாம். மலை ஆடாது அண்ணே என்றேன். போன மழைக்குச் சரிந்த கீழ் லயத்துச் சுவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, துணியை இன்னும் கொஞ்சம் நனைத்தார்.

அவருக்குக் கப்பல் ஞாபகம் விடவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. எது ஞாபகம் என்பதில்தான் தகராறு. சீமைச் சாராயம் என்றார் என் வீட்டுக்காரர். துறைமுகத்துப் பொம்பளைகள் என்றார் தோட்டத் தலைவர் அழகுமுத்து. தொழிற்சங்கத்தில் தலைவரானதிலிருந்து அந்த மனிதருக்கு அடுத்தவன் குடும்பமும் சங்க விவகாரம்தான். அண்ணனையே கேட்டேன். "கடல்ல என்னம்மா இருக்கு, வெறும் தண்ணி" என்று சொல்லிவிட்டுப் பருப்பைக் கிண்டினார்.

அக்கா சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நானும் என் வீட்டுக்காரரும் விடிந்தால் சண்டை, அடைந்தால் சண்டை. வீடு என்றால் அப்படித்தான். சுவருக்கு அந்தப் பக்கமோ சாப்பிட்டீங்களா என்று ஒரு குரல், ம் என்று ஒரு குரல். மழை வரும்போல, ம். அவ்வளவுதான். தனியாக ஆண்ட அடுப்படியின் வாசலில் அக்கா விருந்தாளியைப்போல் நிற்பார். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஏனென்றால் அந்த அக்கா பேசுகிற பேச்சு எனக்குத் தெரியும். எங்கள் லயத்தில் போனுக்குக் கவரேஜ் கிடையாது. அஞ்சாம் நம்பர் மலைக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறினால்தான் கிடைக்கும். பிள்ளை கொழும்பில் இருப்பவள், புருசன் டுபாயில் இருப்பவள் எல்லோரும் அங்கேதான் ஏறுவோம். காற்று வாங்க யாரும் அங்கே போனதில்லை. தேவையான காற்று கூரைத் தகரத்துக்குள்ளேயே வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அக்கா நேராகப் பாறைக்குப் போவார். கப்பலிலிருந்து போன் வரும். ஆடு குட்டி போட்டதிலிருந்து நான் நாத்தனாரோடு கட்டிப் புரண்டதுவரை நடுக்கடலுக்குப் போய்ச் சேரும். அக்கா சிரிப்பது லயத்துக்குக் கேட்கும். முடிக்கும்போது எப்ப வருவீங்க என்று கேட்பார். அந்தப் பக்கம் ஏழு மாசம், அஞ்சு மாசம் என்று ஏதாவது சொல்லும். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வருவார்.

புருசன் ஒரேயடியாக வீட்டுக்கு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அக்கா அந்தப் பாறைக்கு ஏறினார். இதை அழகுமுத்து பார்த்துவிட்டார். பார்த்தால் சும்மா இருப்பாரா? புருசன் வீட்டில் இருக்கும்போது பாறையில் யாரோடு போன் என்று தண்ணி பிடிக்கும் பீலியடியில் ஆரம்பித்த பேச்சு, கோயில் வாசலைத் தாண்டி அண்ணன் காதுக்கே போனது. தப்பாக எடுக்க வேண்டாம் என்று சொல்லி, தப்பாக மட்டுமே எடுக்கக்கூடிய விதத்தில் தலைவரே போய்ச் சொன்னார்.

அண்ணன் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உப்பு போதுமா என்றே கேட்கத் தெரியாத மனுசன் இதை எங்கே கேட்பார்? சமையலுக்கு ஆள் தேடும் ஒரு பழைய கப்பல் இருக்கிறது, வைத்தியச் சோதனையெல்லாம் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று ஏஜென்ட் முன்பே சொல்லியிருந்தார். அண்ணன் அதற்குச் சரி என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பையைத் தூக்கிக்கொண்டு போயிட்டு வாறேன் என்றார். அக்கா ம் என்றார். காலும் போகப்போகிறது, குடும்பமும் போகப்போகிறது, இந்த இரண்டு பேரும் ம் கொட்டிக்கொண்டிருக்கிறார்களே என்று எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த தேங்காய்த் துருவலைக் கோழிக்குப் போட்டுவிட்டேன்.

பூசை முடிந்து அக்கா பாறைக்குத் திரும்பியபோது நானும் பின்னாலேயே போனேன். வழியில் அழகுமுத்து பல்லைக் காட்டினார். அவருக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. மேலே போய், லயத்தில் பேசிக்கொள்வதை எல்லாம் அக்காவிடம் கொட்டினேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் மடியில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல ஒரு மனுசன் இருந்தாரு, வடிவு. நல்ல மனுசன்தான், பருப்பும் நல்லா வைப்பாரு. ஆனா என் புருசன் வர்றது இந்தப் பாறைக்குத்தான். ஞாயித்துக்கிழமை இங்க வந்து ஒக்காந்தாதான் அவரு எங்கூட இருக்க மாதிரி இருக்கும்."

அந்த நேரம் போன் அடித்தது.

அண்ணன்தான். தலவாக்கலையில் பஸ் ஏறுமுன், அக்கா யாரோடாவது பேசுகிறாரா என்று பார்க்க அடித்தாராம். லைன் பிஸி என்று வந்தால் நேராகக் கப்பல்தான் என்று முடிவு. இதைப் பிறகு அவரே வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். ஆனால் மணி அடித்த உடனேயே அக்கா எடுத்துவிட்டார். பாறையில் காற்று பலமாக அடித்ததால் போனைச் சத்தமாகப் போட்டிருந்தார், எனக்கும் கேட்டது.

"சொல்லுங்க" என்றார். பழைய குரல். நான் அதைக் கேட்டு எத்தனை மாசமோ.

அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்ட் இரைச்சல். பிறகு அண்ணன், "கவரேஜ் இருக்கா?" என்றார். கப்பலிலிருந்தும் எப்போதும் அதைத்தான் முதலில் கேட்பாராம்.

இருக்கு, காத்துதான் அடிக்குது, சாப்பிட்டீங்களா என்றார் அக்கா. வீட்டில் தினமும் ம் என்று முடிந்த அதே கேள்விக்கு இப்போது பதில் வந்தது. சாப்பிடவில்லை, தலவாக்கலைக் கடையில் பருப்பு என்று மஞ்சள் தண்ணீர் வைத்திருக்கிறான், பாண் ரொட்டி கல்லாக இருக்கிறது என்றார் அண்ணன். உங்கள் பருப்பிலும்தான் உப்பு அதிகம், எட்டு மாசமாகச் சொல்ல நினைத்தேன் என்றார் அக்கா. அடுப்பு என்னுடையது, அதை முதலில் திருப்பிக் கொடுங்கள் என்றார். அழகுமுத்து சொன்னதையும் சொன்னார். அண்ணன் ஏன் போன் அடித்தேன் என்று ஒப்புக்கொண்டார். இனிச் சண்டைதான் என்று நினைத்தேன். அக்காவோ சிரித்தார். லயத்துக்குக் கேட்கிற அதே சிரிப்பு. பின்னால் கொழும்பு கொழும்பு என்று கண்டக்டர் கத்துவது கேட்டது.

"கப்பல்ல வாரம் முழுக்க ஒனக்குச் சொல்றதுக்கு ஒவ்வொண்ணா சேத்து வச்சிருப்பேன், அந்தோனி" என்றார் அண்ணன். "வேலை வேலைதான், கடல் கடல்தான். ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருந்துச்சு. வீட்டுக்கு வந்த பொறகு அது இல்லாமப் போச்சு."

அக்கா முந்தானையைத் தேடினார். பஸ் ஹாரன் அடித்தது, இன்ஜின் உறுமியது, சத்தம் தேய்ந்து தேய்ந்து போனது. போய்விட்டார் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். போனில் அண்ணன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

அக்கா இத்தனை வருசமாகக் கேட்டதைக் கேட்டார். "எப்ப வருவீங்க?"

"அடுத்த லிந்துலை பஸ்ஸுல."

போனை வைத்த அக்கா கண்ணைத் துடைக்கவே இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மலையில் இறங்கி ஓடினார். அந்த வயசில், அந்தச் சரிவில், மழையில் நனைந்த வாங்கிப் படிகளைத் தாண்டித் தாண்டி. விழுந்து தொலைக்காதே அக்கா என்று கத்திக்கொண்டே நான் பின்னால் ஓடினேன். எதற்கு இந்த ஓட்டம் என்று கேட்டதற்கு, நிற்காமலே சொன்னார். அந்த மனுசன் வந்து சேருவதற்குள் அடுப்பைப் பிடிக்க வேண்டுமாம்.