ஜப்திக்குப் போன கடைப் பலகைகள்

1. வண்டி வந்த காலை

பேரூராட்சியின் ஜப்தி வண்டி எங்கள் பேக்கரி வாசலில் வந்து நின்றபோது, நான் உள்ளே போர்மாவிலிருந்து எங்கள் ஊர் மொறுமொறு ரொட்டியான வர்க்கி ட்ரேக்களை இழுத்துக்கொண்டிருந்தேன். போர்மா என்பது விறகு போட்டுச் சூடேற்றும் எங்கள் செங்கல் அடுப்பு. வர்க்கி வெந்து வரும் நேரத்தில் அதை விட்டு நகர்ந்தால் மொத்த ட்ரேயும் கருகிவிடும். அதனால் வெளியே யாரோ கூப்பிட்டும் நான் போகவில்லை.

கருகுவது மட்டும் காரணமில்லை. எனக்கு வெளி ஆட்களிடம் பேச வராது. பத்தாவது முடித்த கையோடு இந்த பேக்கரிக்கு வந்தேன். அன்று முதல் முதலாளி முன்னால் கல்லாவில், நான் பின்னால் அடுப்பில். எங்கள் வர்க்கியைத் தினமும் தின்கிறவர்களில் பாதிப்பேருக்கு என் முகம் தெரியாது. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

அன்று முதலாளி ரங்கசாமி ஊரில் இல்லை. முட்டி ஆபரேஷனுக்காகக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கடையை என் பொறுப்பில் விட்டிருந்தார்.

பில் கலெக்டர் சிவகாமி அம்மாவே உள்ளே வந்துவிட்டார்.

"மாஸ்டர், கொஞ்சம் வெளிய வாங்க. ஈ.ஓ. சாரே நேர்ல வந்திருக்காருங்க."

"முதலாளி இல்லீங்களே."

"நீங்க இருக்கீங்கல்ல? வாங்க."

கையில் மாவோடு வெளியே போனேன். பனிமூட்டத்தில் ஈ.ஓ., அதாவது பேரூராட்சிச் செயல் அலுவலர், மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு நின்றார். மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

விஷயம் சொத்து வரி. எங்கள் முதலாளி பல வருடமாகக் கட்டவில்லை. பணம் இல்லாமல் இல்லை, கோபம். கடைக்கு மேலே ஒரு மாடி அறை இருந்தது. ஒரு பெருமழையில் சுவர் சரிந்து அது விழுந்துவிட்டது. மண்ணை அள்ளிவிட்டுத் தகரம் போட்டோம். வரி மட்டும் மாடிக்கும் சேர்த்தே வந்துகொண்டிருந்தது. "இல்லாத மாடிக்கு எதுக்குய்யா வரி?" என்று அவர் கீழ்த்தளத்துக்கும் சேர்த்து நிறுத்திவிட்டார். மனு எழுதிக் கொடுங்கள் என்றால் அதற்கும் கோபம். நோட்டீஸ் வந்தால் பிரித்துப் பார்க்க மாட்டார். அதிலேயே இரண்டு பன்னைப் பொட்டலம் கட்டி, கொண்டுவந்த ஆளிடமே கொடுத்தனுப்பிவிடுவார்.

ஈ.ஓ. கடையைச் சுற்றிப் பார்த்தார். அடுப்பைப் பெயர்க்க முடியாது. தொழில் செய்கிற தட்டுமுட்டுச் சாமானை எடுக்கக் கூடாது என்று சிவகாமி அம்மா சொன்னார். கண்ணாடி அலமாரியைத் தொட்டால் உடையும். கடைசியில் அவர் பார்வை, சுவரோரம் சாத்தியிருந்த கதவுப் பலகைகளில் போய் நின்றது.

எங்கள் கடைக்கு ஷட்டர் கிடையாது. ஒன்பது மரப்பலகைகள். காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றி, ராத்திரி வரிசை எண்படி வாசல் சட்டத்தின் காடிப் பள்ளத்தில் செருகி, குறுக்கே இரும்புப் பட்டை போட்டுப் பூட்டுவோம்.

"இதைக் கழட்டி மாட்டறதுதானே? அசையும் சொத்துதான். எடுங்க. எங்க ஊர்ப் பக்கம் கதவைக் கழட்டினா மறுநாளே பணம் வந்துரும்."

பலகைகள் ஒவ்வொன்றாக வண்டியில் ஏறின. எதிர் டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரோடு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

"என்னங்க மாஸ்டர், கடைக்குச் சட்டையக் கழட்டிப் போட்டாங்க?" என்றார் ஒருவர். "குளிருமில்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். எடுத்த சாமானைப் பட்டியல் போட்ட மகஜரில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். காகிதத்தில் என் கட்டைவிரல் மாவும் ஒட்டியது.

"ஏழு நாள் டைம். கட்டலைன்னா ஏலம்" என்றார் ஈ.ஓ.

நான் ஏதாவது சொல்வேன் என்று சிவகாமி அம்மா என் முகத்தைப் பார்த்தார். உள்ளே ட்ரே கருகும் வாசம் வந்தது. நான் ஓடிவிட்டேன்.

2. கதவில்லாத ராத்திரி

முதலாளிக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"எடுத்துட்டுப் போனாங்களா? போகட்டும். ஏலம் விட்டு அந்தக் காசுல அவங்க ஒரு மாடி கட்டிக்கட்டும்."

"கடையைப் பூட்ட முடியாதுங்களே."

"பூட்டவே வேண்டாம். ஏலம் போட்ட அன்னிக்கே கடையை எடுத்துடறேன். போதும் வேலு, எனக்கும் முட்டி போச்சு."

மிரட்டலாக நினைத்துக்கொள்ளலாம் என்றால், இதே மாதிரி ஒரு சண்டையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் நன்றாக ஓடிய டீக்கடையை ஒரே நாளில் மூடியவர் அவர். எனக்குத் தெரிந்தது இந்த ஒரு போர்மாதான். இதில் எந்த மூலை சூடு, எந்த மூலையில் ட்ரேயைத் திருப்பி வைக்க வேண்டும் என்பது கைக்குத் தெரியும். வேறு கடையில் போய் வேலை கேட்க வேண்டுமென்றால் முதலில் வாயைத் திறக்க வேண்டும்.

அதற்கு முன்னால் அன்றைய ராத்திரி இருந்தது. எங்கள் ஊரில் இருட்டினால் கரடி வரும். கோயில் விளக்கு எண்ணெய்க்கு வரும், பேக்கரி டால்டாவுக்கு வரும். அதிலும் வர்க்கி மாவு இருக்கிறதே, வாழைப்பழமும் சர்க்கரையும் போட்டுப் புளிக்கவைத்து எடுத்து வைப்பது, அந்த வாசம் எவ்வளவு தூரம் போகுமோ தெரியாது. ஜப்தி நேரத்தில் இது யாருக்கும் தோன்றவில்லை. கூட வந்த உள்ளூர் ஆட்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பலகை இருக்கிறவரை கரடி என்பது வெளியே கேட்கிற ஒரு சுரண்டல் சத்தம், அவ்வளவுதான்.

வாசலில் மைதா மூட்டைகளை அடுக்கி, போர்மாவை அணையவிடாமல் விறகு போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். கரடி வரவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

விடிந்ததும் பேரூராட்சி தூய்மைப் பணியாளர் மாரியக்கா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"மாஸ்டரு, சங்கதி தெரியுமுங்களா? உங்க கரடி ஆபீசுக்கு வந்துடுச்சுங்க! சிவகாமியம்மா உங்களைக் கூட்டியாரச் சொன்னாங்க."

3. ஆபீஸ் வராண்டா

பலகைகளை அவர்கள் ஆபீஸ் வராண்டாவில், கதவுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தார்கள். அந்தப் பலகைகளைத் தினமும் நாங்கள் டால்டா கையோடுதான் கழற்றுவோம், மாட்டுவோம். சர்க்கரைப் பாகு சிந்திய கையும் அதிலேதான் துடைபடும். எத்தனையோ வருடத்துச் சத்து அதில் ஊறியிருந்தது. கரடியைப் பொறுத்தவரை பேக்கரி இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

பலகைகளை நக்கியிருக்கிறது. கீழே தள்ளியிருக்கிறது. பலகைக்குப் பின்னால் எப்போதும் இருக்கிற கடையைக் காணோமே என்று பக்கத்துக் கதவை உடைத்து உள்ளே போய்த் தேடியிருக்கிறது. ஒரு மேஜை டிராயரில் கிடந்த கடலை மிட்டாயைத் தின்றுவிட்டு, ஈ.ஓ. நாற்காலியின் ஸ்பாஞ்சையும் பிய்த்துப் பார்த்திருக்கிறது.

வாட்ச்மேன் மாடசாமி நடுக்கம் தீராமல் பேசிக்கொண்டிருந்தார். "நான் ரெக்கார்டு ரூம்ல தாழ் போட்டுக்கிட்டனுங்க. அது பாட்டுக்கு ஒவ்வொரு ரூமா போவுது சார். ஆடிட் பார்ட்டி கணக்கா!"

ஈ.ஓ. ஒரு பிரம்பு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "யப்பா, இந்தப் பலகையை இப்பவே எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார்.

"சார், மகஜர் போட்டாச்சு. பணம் கட்டாம விட்டா நம்மளக் கேப்பாங்க" என்றார் சிவகாமி அம்மா.

"அப்ப உள்ள வெச்சுப் பூட்டுங்க."

"உள்ள வெச்சா அதுவும் உள்ள வருமுங்க சார்" என்றார் மாடசாமி.

ஈ.ஓ. என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்க முதலாளிக்கு அப்படி என்னதான்யா கோபம்?"

அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். அங்கே ஓடிப்போய்ப் பார்க்கிற மாதிரி அடுப்பும் இல்லை.

"மாடி இல்லீங்க சார்."

"என்ன இல்ல?"

"மாடிங்க. மழையில விழுந்து ரொம்ப வருசம் ஆச்சுங்க. அதுக்கும் சேர்த்து வரி வருதுங்க. அதான் அவருக்குக் கோபம்."

"நேத்து நான் உங்க கடை முன்னாலதானே நின்னேன்? ஏன் சொல்லல?"

"வர்க்கி கருகிப் போச்சுங்க சார். உள்ள போயிட்டனுங்க."

முதலில் சிரித்தது மாரியக்காதான். பிறகு ஈ.ஓ.வும் சிரித்தார். "பனியில நானும் நிமிர்ந்து பாக்கலப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

டேப்பை எடுத்துக்கொண்டு அவரே வந்தார். அன்று வெயில் அடித்தது. அண்ணாந்து தகரத்தைப் பார்த்தார், அளந்தார், எழுதிக்கொண்டார். மாடிக்கான வரியைக் கழிக்க முதலாளியின் மனு வேண்டும், அதற்கு முன்னால் கீழ்த்தளத்துக்கு உண்டானதைக் கட்ட வேண்டும், கட்டினால் அன்றைக்கே பலகை வந்துவிடும் என்றார்.

மறுபடியும் முதலாளிக்கு போன் போட்டேன். ஆபீசில் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"சரி, இதுல ஜெயிச்சது நானா, அவங்களா?"

நீங்கள்தான் என்றால் பொய். அவர்கள்தான் என்றால் கடை போய்விடும்.

"கரடிதானுங்க முதலாளி" என்றேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் நர்ஸ் அதட்டுவது கேட்டது. "சிரிக்க வெக்காதடா, முட்டித் தையல் இழுக்குது... சரி, கல்லாவுல எடுத்துக் கட்டித் தொலை. மனுவை எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்."

4. மாஸ்டர் போகிற கவுன்டர்

பணத்தைக் கட்டினேன், அன்று சாயங்காலமே பலகைகள் பேரூராட்சி வண்டியில் திரும்பி வந்தன. எங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் ஆபீஸ் போட்ட வெள்ளை பெயின்ட் எண்ணும் இருந்தது. ஐந்தாம் பலகையில் மேலிருந்து கீழே நாலு நகக்கோடு. ஒவ்வொன்றாகக் காடியில் செருகினேன். கடைசிப் பலகை உட்காரும்போது வருகிற 'டக்' என்ற சத்தம் அன்று மிக நன்றாக இருந்தது. முதலாளி ஊன்றுகோலோடு திரும்பி வந்ததும் முதலில் அந்தக் கோடுகளைத்தான் தடவிப் பார்த்தார். அதன்மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இப்போது அவர் மாதிரியே பலகைக்கும் ஒரு வீம்பு வந்துவிட்டது.

பேக்கரி வேலைக்கு வருகிற தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் என் அனுபவத்தில் சொல்ல முடிந்தது இதுதான். நோட்டீஸ் வந்தால் பிரித்துப் படியுங்கள், பன் கட்டாதீர்கள். தகராறு இருக்கிற வரியை எழுதிக் கேளுங்கள், தகராறு இல்லாததைக் கட்டிவிடுங்கள். ஜப்திக்கு வருகிறவர்களும் குளிரில் நின்று வேலை பார்க்கிறவர்கள்தான். கேட்டால் காது கொடுக்கிறார்கள். ஆனால் யாராவது வாயைத் திறக்க வேண்டும். ட்ரே கருகினாலும் பரவாயில்லை.

அதற்குப் பிறகு, மாடி கழிந்த அரையாண்டு வரியை நான்தான் போய்க் கட்டுகிறேன். முதலாளி அனுப்பாவிட்டாலும் ஞாபகப்படுத்திவிட்டுப் போவேன். போன தடவை கவுன்டரில் சிவகாமி அம்மா ரசீதைக் கிழித்துக்கொண்டே சொன்னார்.

"மாஸ்டர், உங்க ஆளு நேத்து ராத்திரி மறுபடியும் வராண்டாவுக்கு வந்திருந்தாருங்க."

பின்னால் வரிசையில் நிறையப் பேர் நின்றார்கள். முன்பென்றால் தலையைக் குனிந்துகொண்டு ரசீதை வாங்கி நடந்திருப்பேன்.

"அடுத்த தடவை வந்தா இந்த ரசீதைக் காட்டுங்கம்மா" என்றேன். "பாக்கி இல்லைன்னு சொல்லி அனுப்பிடுங்க."