நூல் பிடித்த அலமாரி

கவுஸ் பாயின் நம்பரிலிருந்து போன் வந்தபோது மணி பத்தரை. எட்டு மணிக்கே பட்டறைக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்ன மனிதர். எடுத்த எடுப்பில், "இன்னா பாய், இன்னும் தூங்கிக்கினு இருக்கியா? ஒரு கிச்சன் கதவுக்கு எத்தினி நாள்யா?" என்று பொரிந்து தள்ளினேன். பேசியது அவர் மகள் ரேஷ்மா. நான் மூச்சு வாங்கும் வரை பொறுத்திருந்துவிட்டு, "அங்கிள், அத்தா விடியக்காலம் மவுத்தாயிட்டாரு. நெஞ்சு வலின்னாரு" என்றாள். அவர் போன பிறகும் அவரைத் திட்டியிருக்கிறேன்.

நான் மரவேலை மேஸ்திரி, அவர் பெயிண்டர். பதினெட்டு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். இதைப் படிக்கிற உங்களில் அவரைத் தெரிந்த பலர் அவரைப் பொறுமைசாலி என்று சொல்வீர்கள். அவரோடு ஒரு கடை வேலையை எடுத்து, சொன்ன தேதிக்கு முடித்துக் கொடுத்துப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள்.

இப்போது எல்லாம் எம்.டி.எஃப். பலகைதான். மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்வது. மேல்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும். அறுத்த விளிம்புதான் சனியன். டீயில் நனைத்த பன் மாதிரி பெயிண்டை உறிஞ்சிக்கொண்டு, தூள் சிலிர்த்து நிற்கும். பாய் அந்த விளிம்பை உப்புத்தாளால் தேய்ப்பார், உறிஞ்சாமல் அடைக்கிற சீலர் பூசுவார், காயவிடுவார். மறுபடி தேய்ப்பார், மறுபடி பூசுவார், மறுபடி காயவிடுவார். பிறகுதான் பெயிண்டுக்கு அடியில் போகிற பிரைமர், அதற்கும் ஒரு தேய்ப்பு. நான் தலையில் அடித்துக்கொண்டால், "பலகை இன்னும் குடிச்சிக்கினு இருக்குதுபா. அதுக்குள்ள சட்டை போட சொல்றியே" என்பார்.

அவர் சட்டைப் பையில் ஒரு துண்டுப் பட்டு இருக்கும். தறிக்காரர் ஒருவர் கொடுத்த கழிவு. பிரைமர் அடித்துத் தேய்த்த விளிம்பில் அதை மெதுவாக இழுப்பார். ஓர் இழை மாட்டினாலும் முதலிலிருந்து வேலை. ஒருநாள் நான் கையால் தடவிக் காட்டி, "வழுவழுன்னு இருக்குதே, அப்புறம் இன்னா?" என்று கத்தினேன். "உன்னுது உளி புடிச்சு காய்ச்சுப்போன கை. அதுக்கு எல்லாமே வழுவழுதான்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று மதியம் அவரோடு சாப்பிடவில்லை.

அடக்கத்தன்று பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை முதலாளி ஒருவரும் வந்திருந்தார். என் தோளைத் தொட்டு, "தங்கமான வேலைக்காரருபா. என் கடை அலமாரியில மட்டுந்தான் கோட்டை வுட்டுட்டாரு" என்றார். நான் தலையாட்டினேன். ஆறு வருடமாக அதைத்தான் செய்துவருகிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் அந்தக் கடைக்குத் திறப்பு விழா நாள் குறித்தாகிவிட்டிருந்தது. பாய் அலமாரி விளிம்புகளுக்கு இரண்டாம் முறை சீலர் பூசிவிட்டு, உறவில் ஒரு நிக்காஹ் என்று இரண்டு நாள் ஆற்காடு போனார். "தொடாதே, நான் வந்து தேய்க்கிறேன்" என்று சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்தார். முதலாளி மணிக்கொரு தரம் போன் செய்தார். எனக்குப் பொறுக்கவில்லை. வேறொரு ஆளைக் கூட்டி வந்து, தேய்க்காமலேயே அந்த ஈர விளிம்பின் மேல் பிரைமரும் பெயிண்டும் அடிக்க வைத்தேன். விழாவில் எல்லோரும் பளபளப்பைப் பார்த்து அசந்துபோனார்கள். பாய் மட்டும் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அடுத்த வாரமே விளிம்பு சிலிர்த்துக்கொண்டது. ஒரு கல்யாணப் பெண்ணுக்கு எடுத்து வைத்திருந்த முகூர்த்தப் புடவையின் ஜரிகை அதில் மாட்டி நூலாக வந்தது. அந்தப் பெண் கடையிலேயே அழுதாள். முதலாளி எங்களைக் கூப்பிட்டு எகிறினார். நான் வாய் திறக்கும் முன் பாய் சொன்னார்: "என் வேலைதான் முதலாளி. காயறதுக்குள்ள அடிச்சிட்டேன்."

வெளியே வந்ததும் பாயின் சட்டையைப் பிடித்தேன். "யோவ், யார் உன்ன கேட்டா?" நிதானமாக என் கையை எடுத்துவிட்டார். "பேர் கெட்டா பெயிண்டரை மாத்துவாங்க, அவ்ளோதான். மேஸ்திரி பேர் கெட்டா பட்டறையே நின்னுடும். வாயை மூடிக்கினு உப்புத்தாளை எடு." நான்கு நாள் உட்கார்ந்து எல்லா விளிம்பையும் திரும்பச் செய்தோம். அடுத்த கடைக்காரர் வேறு பெயிண்டர்தான் வேண்டுமென்றார். நான் சரி என்றேன். என்ன மனிதன் நான்!

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தார். "அந்த மனுசனைப் பார்க்கறப்பல்லாம் சொல்லிக் காட்டிக்கினு இருந்தேனேபா. சிரிச்சிக்கினே போவாரே" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு பாய் மேல்தான் கோபம் வந்தது. ஒரு தடவையாவது அவர் சொல்லியிருக்கலாம். நானாவது சொல்லியிருக்கலாம்.

அந்தப் பட்டுத் துண்டை ரேஷ்மா என்னிடம் கொடுத்துவிட்டாள். அவர் பாதியில் விட்டுப்போன சமையலறைக் கதவுகள் பட்டறையில்தான் இருக்கின்றன. நேற்று நானே பிரைமர் அடித்துத் தேய்த்து, பட்டை விளிம்பில் வைத்து அவர் மாதிரி மெதுவாக இழுத்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் மாட்டியது. திட்டிக்கொண்டே மறுபடி தேய்த்து, சீலர் பூசி வைத்திருக்கிறேன். கதவு கேட்ட வீட்டுக்காரம்மா காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டார்.

இன்னும் காயவில்லை என்று சொல்லிவிட்டேன்.