பூக்குழியில் உலாவிய கால்

என் கணவரைப் போல் தீ மிதித்தவர் எங்கள் தோட்டத்தில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. மற்றவர்கள் செய்ததைத் தீமிதி என்றே சொல்லக் கூடாது, ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். பம்பைச் சத்தம் காதைப் பிளக்க, வேப்பிலையைக் கடித்துக்கொண்டு ஒரே பாய்ச்சலில், குழி முடிகிற இடத்தில் கால் நனைக்க வெட்டிய பால்குழியில் போய் விழுவார்கள். இவரோ மாலையில் கடைப்பக்கம் உலாவப் போகிறவர் மாதிரி நடப்பார். ஒரு வருஷம் பாதிக் குழியில் நின்று, அவிழ்ந்த மஞ்சள் துண்டை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு மேலே நடந்தார். பெண்கள் எல்லாரும் குலவை போட்டார்கள். நான் போடவில்லை, அவர் குழியை விட்டு ஏறும்வரை அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜொகூரில், லாயாங் லாயாங் ரயில் நிலையத்தில் இறங்கி மாட்டு வண்டியில் போக வேண்டிய தோட்டம் அது. ரப்பர் விலை படுத்துவிட்டதால் பாதிப்பேரை ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பியிருந்த காலம். மிச்சமிருந்தவர்களுக்கு இவர் கங்காணி. மரத்துக்கு மரம் போய், பால் வெட்டு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துச் சத்தம் போடுவது வேலை. சத்தத்தில் அவர் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

அந்தக் கால்களோடு குடும்பம் நடத்தியவள் நான். ஊருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். ஒருநாள் வேலை முடிந்து வந்தார், ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்து என்னைவிட அதிகமாக அவர்தான் ஆச்சரியப்பட்டார். சேற்றில் எங்கோ கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை. இன்னொருநாள் சிமெண்டுத் தரையில் அவர் நடக்கும்போது டக் டக்கென்று சத்தம் வந்தது. காலைத் தூக்கிப் பார்த்தால் குதிகாலில் ஓர் ஆணி! பிடுங்கிக் காட்டினேன். அதை விளக்கு மாடத்தில் வைக்கச் சொன்னார்.

"அம்மன் என் பாதத்தத் தொட்டுட்டா புள்ள. இனி முள்ளு என்ன, ஆணி என்ன," என்றார்.

அம்மன் பாதத்தைத் தொட்டதோடு நிற்காமல் தொண்டையையும் தொட்டுவிட்டாள் போல. குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பார். சர்க்கரைப் பாகு மாதிரி இனிக்கிற டின் பால் ஊற்றிய கோப்பி ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். சோறு இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவார், ஆனால் உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே போனது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற டிரசரிடம் காட்டலாம் என்றால், விரதம் இருக்கிற உடம்பு இளைக்கத்தான் செய்யும் என்பார். விரதம் வருஷத்தில் சில நாள்தானே, மற்ற நாட்களில் ஏன் இளைக்கிறது என்று கேட்டால் வெளியே கிளம்பிவிடுவார். ஊரிலோ அவர் காலைத் தொட்டுக் கும்பிட வரிசை நின்றது. கோயிலில் முதல் விபூதி அவருக்கு. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருஷத் திருவிழாவில் இன்னும் மெதுவாக நடந்தார். கோயில் தலைவரே கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாள் பார்த்தேன், உள்ளங்காலில் பெரிய கொப்புளம். அது உடைந்து சில நாளில் கட்டைவிரல் கறுத்தது. குழியின் கரி ஒட்டியிருக்கிறது, தேய்த்தால் போய்விடும் என்றார். நானும் பைத்தியக்காரி மாதிரி தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அவர் பாட்டுக்குக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். கறுப்புப் போகவில்லை. விரல் மட்டும் ஈர மண் மாதிரி சில்லென்று இருந்தது. எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு கணக்கு உண்டு. காப்புக் கட்டியவனைத் தீ சுட்டால் அவனோ அவன் வீட்டில் யாரோ விரதத்தைக் கெடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதனால் இவர் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, சுளுக்கு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். துணிக்குள்ளே மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வைத்தோம்.

பிறகு வீட்டில் நாற்றம் கிளம்பியது. எங்கோ எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். அரிசி மூட்டையை நகர்த்தினேன், பெட்டியைத் தூக்கினேன், கட்டிலைப் புரட்டினேன். இவரும் முட்டி போட்டு மூலை மூலையாகத் தேடினார். பூனையைத் திட்டினார். நாற்றம் அவர் போகும் பக்கமெல்லாம் கூடவே போவதைக் கண்ட பிறகுதான் நான் தேடுவதை நிறுத்திவிட்டு அவர் காலைப் பார்த்தேன். துணி நனைந்திருந்தது.

அன்று காலையில் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுக்க, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கு வந்த டிரசர், யாரும் கூப்பிடாமலே எங்கள் வாசலில் நின்றுவிட்டார். மூக்கு அவரை நிறுத்தியிருக்க வேண்டும். எப்போதும் சிடுசிடுவென்று இருக்கிற மனிதர். துணியை அவிழ்க்கச் சொல்லி, ஓர் ஊசியை எடுத்து விரலில் குத்தினார். என் கணவர் சிரித்தார். "இன்னும் குத்துங்க லா," என்றார். கணுக்கால்வரை குத்திப் பார்த்துவிட்டு ஊசியைப் பையில் போட்டார் டிரசர். அதற்குப் பிறகு அவர் முகத்தில் சிடுசிடுப்புக்கூட இல்லை.

என்னைத் தனியே கூப்பிட்டு விவரம் சொன்னார். சர்க்கரை வியாதி முற்றினால் காலில் உணர்ச்சி செத்துவிடும், ரத்த ஓட்டம் குறைந்துவிடும். உணர்ச்சி இல்லாத காலில் சூடு பட்டாலும் தெரியாது, வெட்டுப் பட்டாலும் தெரியாது. ரத்தம் வராத சதை சில்லிட்டுக் கறுத்து அழுகிவிடும். காய்ந்து கறுத்தால் கொஞ்சம் அவகாசம் உண்டு. ஈரமாகி நாற்றமெடுத்து, சிவப்பு மேலே ஏற ஆரம்பித்தால் அவகாசம் இல்லை, விஷம் ரத்தத்தில் கலந்து ஆளையே கொண்டுபோய்விடும். சிவப்பு ஏற்கெனவே கணுக்காலைத் தாண்டியிருக்கிறது, நாளைக்குள் ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும் என்றார். அம்மன் அருள் என்று இத்தனை வருஷம் கும்பிட்டது எதை என்று எனக்கு அன்று புரிந்தது.

அவருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதுதான் சரி.

"ஆஸ்பத்திரிக்குப் போனா என்னைத் தீ சுட்டுதுன்னு ஊருக்கே தெரிஞ்சிரும். விரதம் கெட்டவன்னு பேர் வாங்கறதுக்குச் செத்தே போலாம்," என்றார்.

கெஞ்சினேன், அழுதேன், மத்தியானம் சாப்பிடாமல் கிடந்தேன். நான் சாப்பிடாமல் கிடந்ததை அவர் கவனிக்கவே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த ஆளுடைய மானத்தைக் காப்பாற்றினால்தான் உயிரைக் காப்பாற்ற முடியும், அதற்கு வேறு யாராவது விரதத்தைக் கெடுத்திருக்க வேண்டும். யார் இருக்கிறார்கள், என்னை விட்டால்?

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலப் பூசைக்குக் கூட்டம் சேர்ந்திருந்தது. தீபம் காட்டி முடித்ததும் நடுவில் போய் நின்றேன். "காப்புக் கட்டின நாள்ல நான் கருவாடு சுட்டுத் தின்னுட்டேன். அவருக்குத் தெரியாது. அதான் அவர் கால் வெந்துபோச்சு," என்றேன்.

உண்மையில் காப்புக் கட்டிய நாளிலேயே கருவாட்டுப் பானையைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டவள் நான். அம்மன் முன்னால் நின்று பொய் சொல்கிறோமே என்று பயம் வேறு. தாலி கொடுத்தவளும் அவள்தானே, அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று துணிந்துவிட்டேன்.

கோயில் தலைவர் லேசில் விடவில்லை. என்ன கருவாடு என்று கேட்டார். நெத்திலி என்று வாய்வரை வந்துவிட்டது. நெத்திலி என்றால் குற்றம் சின்னதாகி, இவ்வளவு பெரிய புண்ணுக்குப் போதாமல் போய்விடுமோ என்று பயந்து, திருக்கை என்றேன். கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது. தலைவர் பெரியவர்களோடு கலந்து பேசித் தீர்ப்புச் சொன்னார். கங்காணி சுத்தமானவர், பெண்டாட்டி செய்த குற்றத்துக்கு அம்மன் புருஷன் காலில் அடையாளம் போட்டுவிட்டாள், வைத்தியம் பார்ப்பதில் தோஷமில்லை, அடுத்த திருவிழாவில் நான் பூக்குழியைச் சுற்றி விழுந்து கும்பிட்டு வர வேண்டும். அடுத்த வீட்டுக்காரி மட்டும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சுவருக்குச் சுவர் குடியிருந்தும் அவளுக்கு ஒரு துண்டு கொடுக்கவில்லையாம்.

மறுநாள் ரயிலில் எங்கள் பெட்டியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார்கள். இவர் காலை நீட்டி மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். என்னோடு பேசவில்லை. கோயிலில் நடந்ததை முழுக்க நம்பியிருந்தார். செனாய் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தார்.

"திருக்கையா?"

"ஆமா."

"எனக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கணும்னு தோணலையா உனக்கு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. அவர் சொன்னதை அங்கே வேலை செய்த ஒரு தமிழ் ஆள் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். கறுத்தது செத்தது, அது திரும்ப உயிர் பெறாது. கொப்புளத்தோடு வந்திருந்தால் மருந்து கட்டியே ஆற்றியிருக்கலாம், விரல் கறுத்தபோது வந்திருந்தால் விரலோடு போயிருக்கும். இப்போது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். எடுத்துவிட்டு, சர்க்கரைக்கு ஊசி போட்டு வாயையும் கட்டினால் பிழைக்க வழி உண்டு. எடுக்காவிட்டால் சாவு எப்போது என்பதுதான் கேள்வி.

அவர் என்னைப் பார்த்தார். அத்தனை சத்தம் போடுகிற மனிதர், காலில்லாத கங்காணியை யார் மதிப்பார்கள் என்று முணுமுணுத்தார்.

"கால் போனா நான் தாங்கிக்கறேன். நீங்க போயிட்டா நான் யாரோட சண்டை போடுவேன்?" என்றேன். அவர் கையை நீட்டி, ஆபரேஷனுக்குச் சம்மதம் என்ற தாளில் ரேகை வைத்தார்.

பிழைத்தார். மரக்காலோடு பல வருஷம் இருந்தார். தோட்டத்துத் துரை அவரை ஸ்டோர் வாசலில் காவலுக்கு உட்கார வைத்தார், உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டார். டின் பாலை நான் வீட்டுக்குள் நுழைய விடவில்லை. மிச்சமிருந்த காலைத் தினமும் சாயங்காலம் விளக்கைப் பக்கத்தில் வைத்து, விரலிடுக்குவரை பார்ப்பேன். என்ன தேடுகிறாய், எலியா என்று கேலி செய்வார்.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது ஆபரேஷனுக்கு அடுத்த நாள். மயக்கம் நன்றாகத் தெளிந்து படுத்திருந்தவர், திடீரென்று என் கையைப் பிடித்தார். கட்டைவிரல் எரிகிறது என்றார். எந்தக் கால் என்று கேட்டேன். இல்லாத காலைச் சொன்னார். எனக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. வெட்டி எடுத்தவர்களுக்குச் சிலநாள் அப்படித் தோன்றும், கால் போனது நரம்புக்குத் தெரியாது என்றார் அந்தத் தமிழ் ஆள். அதற்குள் அவருடைய கண் இரண்டிலும் நீர் வழிந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"சுடுது புள்ள. நெருப்புல நிக்கற மாதிரி சுடுது."

என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். விரிப்பு அங்கே தட்டையாகக் கிடந்தது. இங்கேயா என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் கீழே என்றார். விரிப்பைத் தடவிக் கொடுத்து, அவர் சொன்ன இடத்தில் குனிந்து வாயால் ஊதினேன். அவர் தூங்கும்வரை ஊதிக்கொண்டே இருந்தேன்.