ஒரு விரல் வணக்கம்

கனடாவின் சஸ்காட்சுவான் மாநில மண்சாலையில் எதிரே ஒருவர் வந்தால், ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலையாவது உயர்த்தி வணக்கம் சொல்ல வேண்டும். பருப்பு விளைவிக்கும் ஓரெஸ்ட், டிராக்டரில் உட்கார்ந்தபடியே அந்த ஒரு விரலால் ஊர் முழுக்க நல்ல பெயர் வாங்கியவர். இந்த வருடம் ஆளில்லாமல் தானே ஓடும் டிராக்டர் ஒன்றை வாங்கினார். இதெல்லாம் ஒரு விவசாயமா என்று காபிக்கடையே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பக்கத்து நிலத்துக்காரர் கோர்டனுக்கோ வேறு கோபம்.

"ரோட்டோரமா விதைச்சுட்டுப் போகுதே உன் டிராக்டர், தினமும் விரலைத் தூக்குறேன். ஒரு பதில் இல்லையேய்யா."

"உள்ள ஆளே இல்லைய்யா."

"அது உன் பாடு. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல."

ஓரெஸ்ட் பழைய தோல் கையுறை ஒன்றில் பஞ்சை அடைத்து, ஆள்காட்டி விரலை மட்டும் நிமிர்த்தி, ஸ்பிரிங் வைத்து ஸ்டியரிங்கில் கட்டினார். மறுநாள் டிராக்டர் குலுங்கக் குலுங்க, அந்த விரல் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்தது. வேலியோரம் நின்று பார்த்த ஓரெஸ்டுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

கோர்டனின் வண்டி வந்தது. கையுறைக்கு விரலை உயர்த்திப் பதில் வணக்கம் சொல்லிவிட்டு, ஓரெஸ்டின் அருகே நிறுத்தினார்.

"அதுக்கு மரியாதை தெரியுது. மனுஷன் நீ, பாக்கெட்டுக்குள்ள கையை விட்டுக்கிட்டு நிக்கிறியே."